சிறு பிள்ளைகள் தலையில் பேன் பெருகாமல் பார்த்துக்கொள்வது: முதல்முறைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் பள்ளி திறந்தது என்றால், ஆடி பிறக்கும் சமயத்தில் பால்வாடிப் பிள்ளைகளும் எல்கேஜி பிள்ளைகளும் இரண்டு கையாலும் தலையைச் சொறியத் தொடங்குவது கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்து வீடுகளில் ஆண்டுதோறும் நடப்பதுதான். முன்பெல்லாம் பள்ளி விட்டு வந்த பிள்ளையை மடியில் சாய்த்துப் பேன் பார்க்க ஆத்தாவோ அம்மாயியோ வீட்டில் இருந்தார்கள். பனியன் கம்பெனிக்கும் மில்லுக்கும் தாய் தகப்பன் இருவருமே வேலைக்குப் போகிற லைன் வீடுகளில் இன்று அந்த வேலையைச் செய்யவும் ஆள் இல்லை, எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. முதல் பிள்ளையை இந்த ஆண்டுதான் பள்ளிக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரையும், பிழைப்புக்காக வேறு மாவட்டத்திலிருந்து இங்கே குடிவந்து யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

பேன் வராமலே தடுத்துவிடும் எண்ணெயையோ ஷாம்புவையோ தேடிக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள், ஈரத் தலையில் பேன்சீப்புப் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். மற்றவை எல்லாம் அதற்குத் துணைதான்.

பேன் எப்படி ஏறுகிறது

வளர்ந்த பேன் எள்ளளவுதான் இருக்கும். 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம். அதன் ஆறு கால்களின் நுனியிலும் முடியைப் பற்றிக்கொள்ளக் கொக்கி போன்ற நகம் உண்டு. இறக்கை இல்லாததால் அதற்குப் பறக்கத் தெரியாது, தத்தித் தாவவும் தெரியாது. ஊர்ந்து போக மட்டுமே தெரியும். ஆகவே ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் பேன் போக வேண்டுமானால், பெரும்பாலும் இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் விளையாடுவதும் தூங்குவதும் படம் பார்ப்பதும் தலையோடு தலை முட்டிக்கொண்டுதான் என்பதால், 3 வயது முதல் 11 வயது வரையிலான பிள்ளைகளிடம் இது அதிகமாகக் காணப்படுகிறது.

தலையை விட்டு இறங்கிவிட்ட பேன், இரத்தம் குடிக்க வழியில்லாமல் ஒன்று இரண்டு நாளில் செத்துப்போகும். நாய், பூனை, ஆடு, மாடு எதிலிருந்தும் மனிதத் தலைக்குப் பேன் வராது; கோழிச் செள்ளு வேறு இனம், அது மனிதத் தலையில் குடியிருக்காது.

அழுக்குக்கும் பேனுக்கும் தொடர்பில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தினமும் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் பேன் பிடிக்கும். வகுப்பில் பேன் என்று தெரிந்தவுடன், வெளியூரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் பக்கம்தான் முதலில் விரல் நீளுகிறது. பேன் ஊரையும் மொழியையும் விசாரித்துக்கொண்டு ஏறுவதில்லை. யாரிடமிருந்து வந்தது என்று துப்புத் துலக்குவதில் போகும் நேரத்தைச் சொந்தப் பிள்ளையின் தலையைப் பார்ப்பதில் செலவிட்டால் பயனுண்டு.

சொறியும்வரை காத்திருக்கக் கூடாது

பேன் கடித்தவுடன் அரிப்பு வருவதில்லை. அதன் உமிழ்நீர் நம் தோலுக்கு ஒவ்வாமல் போவதால்தான் அரிப்பு உண்டாகிறது. முதன்முறையாகப் பேன் பிடித்த பிள்ளைக்கு அந்த ஒவ்வாமை வெளிப்பட 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். ஜூனில் ஏறியது ஆடியில்தான் தெரிகிறது என்பதற்குக் காரணம் இதுதான். பிள்ளை சொறியத் தொடங்கும்போது தலையில் இரண்டாம் தலைமுறையே நடமாடிக்கொண்டிருக்கும்.

கணக்கு இப்படிப் போகிறது: ஒரு பெண் பேன் நாளொன்றுக்கு 8 ஈர் வரை வைக்கும். ஈர் பொரிக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். பொரித்த குஞ்சு முட்டையிடும் பருவத்துக்கு வர மேலும் பத்து நாள் போல ஆகும். திங்கட்கிழமை வகுப்பில் ஏறிய ஒரு பேன், அடுத்த ஞாயிறுக்குள் அதிகம் போனால் ஐம்பது ஈர் வைத்திருக்கும்; அவற்றில் பெரும்பாலானவை இன்னும் பொரித்திருக்காது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த ஒற்றைப் பேனைப் பிடித்துவிட்டால் மீதி வேலை எளிது. ஒரு மாதம் விட்டுவிட்டால் பிறகு எத்தனை தலைமுறை என்று எண்ணுவதற்கே இடமில்லை.

வாரம் ஒரு நாள் பார்க்கும் முறை

திருப்பூர்ப் பக்கம் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு என்று ஓடுகிற வீடுகளில் ஞாயிறு காலைதான் தோதான நேரம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வழக்கமுள்ள வீடுகள் அந்த நாளையே வைத்துக்கொள்ளலாம். எந்த நாள் என்பது முக்கியமில்லை; ஒரே நாளாக இருப்பதுதான் முக்கியம், ஏனென்றால் நாள் மாறிக்கொண்டே இருந்தால் மூன்றாவது வாரத்தில் அது மறந்துபோகும்.

வேண்டியவை அதிகமில்லை. சிக்கெடுக்க ஒரு பெரிய பல் சீப்பு, ஒரு பேன்சீப்பு, கொஞ்சம் கண்டிஷனர், பழைய வெள்ளை வேட்டியில் கிழித்த ஒரு துண்டு, ஒரு கிண்ணத்தில் சுடுதண்ணீர். நோம்பிக் கடைகளிலும் ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் கிடைக்கும் இருபக்க பிளாஸ்டிக் பேன்சீப்பில் நாளடைவில் பற்கள் விரிந்துகொடுத்துவிடும், குஞ்சுகள் இடையில் நழுவிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், நீளமான கம்பிப் பற்கள் நெருக்கமாக வைத்த உலோகச் சீப்பு ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும். இந்த ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பிள்ளையின் தலையை வழக்கம்போல் அலசி, துவட்டாமல், கண்டிஷனரை முடி முழுக்கத் தாராளமாகப் பூசுங்கள். காய்ந்த தலையில் பேன் நிமிடத்துக்கு 20 சென்டிமீட்டர் வரைகூட ஓடக்கூடியது. நீங்கள் வகிடு எடுப்பதற்குள் அது காதுக்குப் பின்னாலிருந்து பிடரிக்குப் போயிருக்கும். வழவழப்பான ஈரத் தலையில் அதனால் அப்படி ஓட முடியாது. போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீடுகளில், திருப்பூர், கரூர்ப் பக்கம் இது சகஜம் என்பதால் சொல்கிறேன், அலசிய முடி நார்போலச் சிக்குப் பிடித்துக்கொள்ளும். அங்கே கண்டிஷனரைக் கூடுதலாகப் பூசுவதோடு, கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. கண்டிஷனர் வாங்க முடியாவிட்டால் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக வைத்தும் சீவலாம், பிறகு அரப்போ சீயக்காயோ போட்டு அலசிக்கொள்ளலாம்.

வெயில் வெளிச்சம் விழுகிற வாசலில் நீங்கள் படியின் மேலும் பிள்ளை உங்கள் கீழ்ப்படியிலுமாக உட்காருங்கள். மடியில் வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டு, முதலில் பெரிய சீப்பால் சிக்கை முழுவதுமாக எடுத்துவிட்டு, முடியை நாலு பாகமாகப் பிரித்து, மூன்றைக் கிளிப்போட்டு ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் கையில் எடுங்கள். பேன்சீப்பின் பற்கள் மண்டைத் தோலைத் தொட்டுக்கொண்டு கிளம்பி, முடியின் நுனிவரை ஒரே இழுப்பாக வர வேண்டும். பாதியில் தூக்கிவிடக் கூடாது. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். பேன் இருந்தால் கண்டிஷனரின் வெண்மையில் பழுப்பாகக் கால்களை அசைத்துக்கொண்டு கிடக்கும். பிடரியும் இரண்டு காதுகளின் பின்புறமும்தான் அதற்குப் பிடித்த இடங்கள் என்பதால் அங்கே இரண்டு மடங்கு இழுப்புப் போட வேண்டும். கிராப்பு வெட்டிய பையனுக்குப் பத்து நிமிடம் போதும். இடுப்புவரை சடை உள்ள பாப்பாவுக்கு அரைமணி நேரம் பிடிக்கும். அதுவரை அசையாமல் உட்காருவது நாலு வயதுப் பிள்ளைக்குக் கடினம்தான், கதை சொல்லிப் பாருங்கள், முடியாவிட்டால் கையில் போனைக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு காரியத்துக்குப் போன் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் ஈருக்கும் பொடுகுக்கும் உள்ள வேறுபாட்டில்தான். பொடுகையும் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கையும் விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஈர், முடியின் ஒரே பக்கத்தில் பசைபோட்டு ஒட்டியதுபோல் இருக்கும். நகத்தால் கிள்ளி இழுத்தால்தான் நகரும். உயிருள்ள ஈர் பழுப்பு நிறத்தில், பெரும்பாலும் மண்டைத் தோலிலிருந்து அரை சென்டிமீட்டருக்குள் இருக்கும். பொரித்துப்போன கூடு வெள்ளையாக, முடி வளர வளர வெளியே தள்ளி வந்திருக்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் தெரியும் வெள்ளைக் கூடுகள் பழையவை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நம்முடையது போன்ற வெக்கையான ஊர்களில் உயிருள்ள ஈர் சற்றுத் தள்ளியும் இருக்கக்கூடும் என்பதால் தூரத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. உயிருள்ள பேன் ஒன்றாவது கண்ணில் படுகிறதா என்பதே தீர்மானமான அடையாளம். பழைய வெள்ளைக் கூடு நாலைக் கண்டதும் மருந்து வாங்க ஓடுவது ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிற கதைதான்.

சீவி முடித்ததும் சீப்பைக் கை பொறுக்காத சுடுதண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியைக் கொதிநீரில் அலசிவிடுங்கள். தலையை அலசிக் காயவிட்டால் அந்த வாரத்துக்கு வேலை முடிந்தது.

சடை, பாய், விடுமுறை

பள்ளி நாட்களில் பெண் பிள்ளைகளுக்கு முடியை விரித்துவிடாமல் இரட்டைச் சடை போட்டு மடித்து ரிப்பன் கட்டுவது, பார்வைக்கு மட்டுமல்ல, இதற்கும் உதவும். தொங்குகிற முடி குறைந்தால் அடுத்த பிள்ளையின் முடியோடு உரசுவதும் குறையும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிச் சீப்பு, தனித் துண்டு, தனி ரிப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆண்டு விழா நடனத்துக்கு வாடகைக்கு எடுக்கும் சவுரி முடியும் தலையணிகளும் ஒரே மாலையில் நாலைந்து தலை மாறக்கூடியவை. உங்கள் பிள்ளைக்கு முன்னால் அன்று வேறு யாரும் வைத்திருந்தார்களா என்று கேட்பதில் தவறில்லை.

உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது சித்திரை, வைகாசி விடுமுறையைத்தான். அம்மாயி வீட்டுக்கோ தோட்டத்துச் சாளைக்கோ போய், மாரியம்மன் நோம்பிக்கு வந்த மாமன் பிள்ளைகள், சித்தி பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் ஒரே பாயில் வரிசையாகப் படுத்துறங்கி, பகலெல்லாம் ஒரே போனைச் சுற்றித் தலைகளைக் குவித்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு வாரத்தில் ஏறுவது, வகுப்பறையில் ஒரு பருவம் முழுக்க ஏறுவதைவிடக் குறைவாக இராது. அதற்காகப் பிள்ளைகளைப் பிரித்துப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். அந்த விடுமுறைக்காகத்தானே அவர்கள் ஆண்டெல்லாம் காத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து திரும்பிய முதல் ஞாயிறும், அடுத்த இரண்டு ஞாயிறும் தவறாமல் தலை பார்த்துவிட்டால் போதும்.

வீட்டையெல்லாம் கழுவித் தள்ள வேண்டாம். பேன் கண்டுபிடித்த நாளுக்கு முந்தைய இரண்டு நாளில் பிள்ளை பயன்படுத்திய தலையணை உறை, போர்வை, துண்டு ஆகியவற்றைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவதே போதுமானது. மெத்தைக்கும் சோபாவுக்கும் பூச்சி மருந்து அடிப்பது வீண் செலவு, பிள்ளைகள் மூச்சிழுக்கும் காற்றுக்கும் கேடு.

எண்ணெய், அரப்பு, வேப்பிலை

காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயும் அரப்புத் தூளும் நம் வீடுகளில் என்றும் இருப்பவை; இருக்கட்டும். எண்ணெய் சிக்கைக் குறைத்துச் சீப்பை வழுக்கவைக்கிறது, அவ்வளவுதான் அதன் உதவி. எண்ணெய் வைத்த தலையில் பேன் ஏறாது என்பது உண்மையில்லை. பேன் தன் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு பல மணி நேரம் தாங்கக்கூடியது. அரப்பு பிசுக்கை எடுக்கும், பேனைக் கொல்லாது. வேப்பிலையும் துளசியும் அரைத்துப் பூசுவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை; அவற்றை நம்பிச் சீப்பை ஒதுக்கிவிடுவதுதான் கெடுதல். வேப்பெண்ணெய் விஷயத்தில் கவனம் தேவை: கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் அதை விழுங்கிவிட்டால் வலிப்புவரை போகக்கூடும் என்பதால், பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

தலையில் வைக்கவே கூடாதவை

நல்லெண்ணத்தோடு செய்து பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வைக்கிற வைத்தியங்கள் சில இன்னும் புழக்கத்தில் உள்ளன.

சீத்தாப்பழக் கொட்டையை இடித்துத் தலையில் தேய்ப்பது அவற்றில் முதலாவது. அந்தத் தூள் பேனைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் வியர்வையோடு வழிந்து ஒரு துளி கண்ணில் பட்டாலும் கருவிழியின் மேல்தோலைப் புண்ணாக்கிக் கடுமையான வலியையும் பார்வை மங்கலையும் உண்டாக்கும். அப்படிப் பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தேங்காய் எண்ணெயில் சூடத்தைக் கரைத்துத் தேய்ப்பது பல வீடுகளில் இருக்கிறது. சூடம் தோல் வழியாகவும் உடலுக்குள் இறங்கும். சிறு பிள்ளைகளுக்கு அது வலிப்பை உண்டாக்கவல்லது. பூஜைக்கு வாங்கியது பூஜையறையிலேயே இருக்கட்டும். சீமெண்ணெய் தடவிய தலை விறகடுப்புக்கு அருகே போனால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் பயிருக்கு அடிக்கிற மருந்து, எறும்புப் பொடி, கரப்பான் சாக்பீஸ் ஆகியவற்றை எவ்வளவு குறைவாகக் கலந்தாலும் தலையில் வைக்கவே கூடாது. அவை மண்டைத் தோல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். யாராவது தடவிவிட்ட பிறகு பிள்ளைக்கு வாந்தி, எச்சில் ஒழுகல், மயக்கம், மூச்சுத் திணறல் என்று எது தெரிந்தாலும், தலையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே 108 ஐ அழையுங்கள்.

பேன் இருப்பது உறுதியானால்

முதலில் வீட்டில் உள்ள எல்லோர் தலையையும் அன்றே பார்க்க வேண்டும், அப்பாவையும் சேர்த்து. ஒருவர் தலையை விட்டுவிட்டால் பத்து நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். பேன் உள்ளவர்கள் அனைவருக்கும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

மருந்தில்லாமல் போக விரும்பினால், மேலே சொன்ன ஈரச் சீவலை 1, 5, 9, 13 ஆம் நாட்களில் செய்ய வேண்டும். சீப்புக்குத் தப்பிய ஈர்கள் இடையில் பொரிக்க, அந்தக் குஞ்சுகள் முட்டையிடும் பருவத்துக்கு வருமுன்பே அடுத்த சீவலில் அவை பிடிபடும் என்பதே இந்த இடைவெளியின் காரணம். ஒரு நாளைத் தவறவிட்டால் மொத்தமும் வீண் என்பதால், காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்துதான் வேண்டுமென்றால் 1 சதவீத பெர்மெத்ரின் பரவலாகப் பயன்படுவது. இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம். கடையில் கேட்கும்போது சதவீதத்தைச் சொல்லிக் கேளுங்கள், ஏனென்றால் 5 சதவீதத்தில் கிடைக்கும் கிரீம் சொறி சிரங்குக்கானது. கண்டிஷனர் இல்லாத ஷாம்புவால் அலசி, துண்டால் துவட்டிய முடியில் பூசி, பிள்ளையின் கண்ணைத் துணியால் மூடச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். குளிக்கும்போது உடலெல்லாம் வழியவிடாமல், தலையை மட்டும் குனியவைத்து அலசுவது நல்லது. அதன்பின் ஒன்றிரண்டு நாள் ஷாம்பு போடக் கூடாது. மருந்து ஈரை முழுமையாகக் கொல்வதில்லை. ஆகவே ஒன்பதாம் நாள் இரண்டாம் முறை பூச வேண்டும். இரண்டுக்கும் இடையில் அரிப்பு இருக்கிறதே என்று கூடுதலாக ஒருமுறை பூசாதீர்கள், பேன் செத்த பிறகும் சில நாள் அரிப்பு இருக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தங்கள் தலைக்குப் போடுமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மொட்டை அடிப்பது பற்றிக் கேட்பார்கள். பழனிக்கோ குலதெய்வத்துக்கோ வேண்டுதல் இருந்தால் அது உங்கள் விருப்பம். பேனுக்காக மட்டும், ஆறேழு வயதுப் பெண் பிள்ளை அழ அழ முடியெடுக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. வீட்டில் மற்ற தலைகளைக் கவனிக்காவிட்டால், முடி ஓரங்குலம் வளர்வதற்குள் பேன் திரும்பிவிடும்.

சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்

பலரும் கூச்சப்பட்டு விட்டுவிடுவது இதைத்தான். உங்கள் பிள்ளைக்குச் சரிசெய்து அனுப்பினாலும், வேனில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கு இருந்தால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். சுற்றி வளைக்காமல் சொல்லலாம்: "அக்கா, பாப்பா தலையில நேத்து ரெண்டு பேன் பார்த்தனுங்க. மருந்து வெச்சுட்டேன். ரெண்டும் ஒண்ணாத்தானே வெளையாடுதுங்க, உங்க பாப்பாவுக்கும் ஒருக்கா பார்த்துருங்க." எங்கிருந்து வந்தது என்ற பேச்சே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் சொல்லும்போது, பிள்ளையின் பெயரை வகுப்பில் சொல்லாமல், எல்லாப் பெற்றோருக்கும் பொதுவாகத் தகவல் அனுப்பச் சொல்லுங்கள்.

பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கண்டுபிடித்த அன்று வகுப்பு முடியும்வரை பிள்ளை இருக்கலாம், வீட்டில் வைத்தியத்தைத் தொடங்கிவிட்டு மறுநாள் வழக்கம்போல் வரலாம். கண்டுபிடிப்பதற்கு முன் பல வாரமாக அந்தப் பேன் அதே வகுப்பில்தானே இருந்தது.

மருத்துவரிடம் எப்போது

தலைப்பேன் வேறு நோயெதையும் பரப்புவதில்லை. ஆனால் சொறிந்த இடத்தில் புண்ணாகிச் சீழ் வைத்தாலோ, பிடரியிலோ காதுக்குக் கீழோ நெறி கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பேன் இருந்தால் கடை மருந்து எதுவும் வேண்டாம், கையால் எடுத்துவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். இமை முடியில் பேன் தெரிந்தால் அது தலைப்பேனாக இல்லாமல் வேறு வகையாக இருக்கலாம், தானாக எதுவும் போடாமல் காட்ட வேண்டும். ஒன்பதாம் நாள் மருந்தும் முறையாகப் போட்ட பிறகு பேன் சுறுசுறுப்பாகவே ஊர்ந்துகொண்டிருந்தால், அதே மருந்தைத் தொடர்ந்து பூசுவதில் பயனில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ காட்டினால் வேறு மருந்து எழுதித் தருவார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104 ஐ அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். போகும்போது இதுவரை தலையில் வைத்த எல்லாவற்றின் பெயரையும் தேதியையும், நாட்டு வைத்தியம் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்.